கேள்வி கேட்காத வகுப்பு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று இரண்டு பேக்கரி, ஒரு கேன்டீன். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்து எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. நான் யாருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் நேராகப் பின்பக்கம் போய்ச் சாக்கடை மூடியைத்தான் பார்ப்பேன். முன்னால் கண்ணாடி அலமாரி எல்லாருக்கும் பளபளக்கும். பின்னால்தான் வண்டவாளம் இருக்கும். உணவு ஆய்வாளர் வேலையில் நான் கற்ற பாடம் இது ஒன்றுதான்.

சாயங்காலம் நகராட்சியிலிருந்து தகவல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் அரசு மழலையர் பள்ளிகள் மூன்று. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றையும் பார்க்கலாம். மாதக் கடைசிக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், வருடம் முடியும்வரை மாற்ற முடியாது.

மற்ற வீடுகளில் இது ஒரு கவலையா? எது பக்கமோ அதில் தள்ளிவிடுவார்கள். எங்கள் கடுகுக்கு அப்படி முடியாது. மூன்றரை வயது. கடுகு என்பது அவள் அப்பா வைத்த செல்லப் பெயர். வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ஒரு சொல் என்றால் ஒரே ஒரு சொல். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த என் நாத்தனாரிடம்கூட இதுவரை பேசியதில்லை. காது சரி, நாக்கு சரி என்கிறார் டாக்டர். “பிடிவாதம்னு நினைக்காதீங்க, பயம்தான் தொண்டைய அடைக்குது. நல்ல இடமாப் பார்த்துச் சேருங்க. தப்பான இடம்னா இறுகிடும்.”

இறுகிடும். இந்தச் சொல்லோடுதான் ஒரு மாதமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

நாத்தனார் வந்திருந்தாள். கடுகு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். “அண்ணி, நீங்க பேசுற பேச்சுல அவளுக்கு எங்க சந்து கிடைக்கும்?” என்றாள் நாத்தனார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ் ஓட்டுகிறவருக்குச் சிரிப்பதற்கு வண்டிக்குள் வாய்ப்பில்லை போல. எல்லாவற்றையும் வீட்டுக்குச் சேர்த்துக்கொண்டு வருகிறார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முதல் பள்ளி. பாலத்தடியில் இருக்கிறது.

சொல்லாமல் கொள்ளாமல் போனேன், கடுகைக் கையில் பிடித்துக்கொண்டு. முதலில் கழிப்பறை. அடேயப்பா! என் இருபது வருட வேலையில் இப்படியொரு கழிப்பறையைப் பார்த்ததில்லை. ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டினேன், விரல் தூசு இல்லாமல் அப்படியே வந்தது. சமையலறையில் காய் நறுக்க ஒரு பலகை, ரொட்டிக்கு ஒரு பலகை. பாலில் வெப்பமானியை வைக்கப் போனேன், ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய அதிசயம் பிள்ளைகள். பழம் சாப்பிடும் நேரம். குட்டிக் குட்டிக் கைகள், ஆளுக்கொரு ஆரஞ்சு. ஒருவரும் உரித்துக் கொடுக்கவில்லை. அத்தனை பேரும் தாங்களே உரிக்கிறார்கள், தோலைக் கிண்ணத்தில் போடுகிறார்கள், மேஜையைத் துடைக்கிறார்கள். என் வீட்டில் நாற்பது வயது ஆள் ஒருவர் ஆரஞ்சுத் தோலை டிவி மேலே வைக்கிறார்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தலைமையாசிரியை நல்லவர். கடுகின் விஷயத்தைச் சொன்னேன். “கவலைப்படாதீங்க மேடம், ரெண்டே மாசம். எங்ககிட்ட ஒரு முறை இருக்கு, பேச வெச்சிடுவோம்.” காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னால் நட்சத்திரம் ஒட்டுவார்கள். கடுகையும் நிற்க வைத்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடுகு தன் ஷூவைப் பார்த்தாள்.

“சொல்லுவா, கூச்சம்” என்று நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். “ரெண்டே மாசமா? அப்புறம் என்ன யோசனை, சேர்த்துடு” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பிப்ரவரி 12, புதன்

விடியற்காலை கடுகின் படுக்கை நனைந்திருந்தது. இந்த வருடத்தில் முதல் தடவை. துணி மாற்றும்போது தானாகவே சொன்னாள்: “அங்க எல்லாரும் என்னையே பார்த்தாங்கம்மா.”

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டாவது பள்ளி. தபால் நிலையத்துக்கு மேலே, மாடியில்.

படி ஏறும்போதே காது அடைத்துவிட்டது. அத்தனை சத்தம்! உள்ளே போனால், அட்டைப் பெட்டிகளால் ஒரு ஊரே எழுந்து நிற்கிறது. ரோடு, பாலம், மணிக்கூண்டு, ரயில் போகச் சுரங்கம். சுவரிலிருந்து சுவர்வரை. ஆசிரியர் ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் கையை விட்டு, மாட்டிக்கொண்ட ஒரு ரயிலை மீட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் என் பையைப் பிடித்து இழுத்து, “நீங்க ஆத்துக்குள்ள நிக்கிறீங்க” என்றான். பார்த்தேன், காலடியில் நீலத் துணி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கரையேறினேன்.

மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு ஊரைக் கட்ட முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? பெரியவர்கள் கட்டின எங்கள் ஊர் ரோட்டைவிட நன்றாக இருந்தது.

கழிப்பறை சுமார். கொக்கி ஒன்று இல்லை. ஆனால் நான் பயந்தது வேறு விஷயத்துக்கு. கிளம்பும்போது கடுகைக் காணோம். தேடினால், கோட்டுகள் தொங்கும் இடத்தில், கோட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். காலை முழுக்க அங்கேதான். யாரும் தேடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகள் அத்தனை பேர்.

வீட்டில், “எனக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு, யாருக்குமே என்னைத் தெரியல” என்றாள்.

பிடித்திருக்கிறது என்கிறாள், ஒளிந்துகொள்ள வசதியாக இருப்பதால்.

பிப்ரவரி 20, வியாழன்

மூன்றாவது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, பழைய கட்டடம். பார்த்ததும் எனக்குள் இருக்கும் ஆய்வாளர் பேனாவை எடுத்துவிட்டார். கை கழுவும் தொட்டியில் விரிசல், குழாய் ஒழுகுகிறது. சுவரில் சுண்ணாம்பு உரிகிறது. மேற்கூரையில் பச்சைப் பெயின்ட். மேற்கூரைக்கு எப்படி ஐயா பெயின்ட் போகும்?

பின்பக்கம் போகலாம் என்று திரும்பினேன். ஆசிரியை நடுவில் வந்து நின்றார். நெட்டை உருவம், கரகரத்த குரல், சட்டையெல்லாம் பசை. “ஷூவக் கழட்டிட்டு உட்காருங்கம்மா.” நாற்காலி எங்கே என்று பார்த்தேன். நாற்காலி கிடையாது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இதுவரை எந்தக் கடையிலும் என்னை உட்கார வைத்தது கிடையாது, அதுவும் அதட்டி.

கடுகு என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். நான் வழக்கம்போல அவள் கதையை ஆரம்பித்தேன். ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். “அவ இங்கதான இருக்கா. அப்புறம் பேசலாம்.” சொல்லிவிட்டு எங்களைக் கண்டுகொள்ளாமல் களிமண்ணை உருட்ட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு ஏதோ விசித்திரமாகப் பட்டது. என்ன என்று பிடிபடவே இல்லை. பிறகு புரிந்தது. அந்த அம்மாள் ஒரு பிள்ளையிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! “இது என்ன கலர்?”, “பேர் என்ன?”, “அழகா இருக்குல்ல?” — எதுவும் இல்லை. “அட, நீலத்த எடுத்திருக்க.” “பாம்பு நீளமாயிட்டே போகுது.” “எனக்கு உருண்டையே வரல, சப்பையா போகுது.” இவ்வளவுதான். கேள்வி இல்லாததால் பதில் சொல்லும் கடனும் இல்லை. ஆனால் பிள்ளைகள் பேசுகிறார்கள்! மடை திறந்த மாதிரி, தாமாக. ஒன்று தன் நாய்க்குட்டியின் வயிற்றுப்போக்கைப் பற்றி விவரமாகச் சொன்னது.

கடுகு என் முதுகிலிருந்து பிரிந்தாள். முட்டி போட்டு நகர்ந்தாள். ஆசிரியையின் சப்பைக் களிமண்ணைப் பார்த்தாள். கையை நீட்டி அதை எடுத்து, உருண்டையாக உருட்டி, திரும்ப வைத்தாள்.

“ஓ, இப்படி உருட்டணுமா” என்றார் ஆசிரியை. கேள்வி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பாராட்டவில்லை, கைதட்டவில்லை, நட்சத்திரம் ஒட்டவில்லை. இன்னொரு சப்பைக் களிமண்ணை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். கடுகு அதையும் உருட்டினாள்.

வெளியாள் ஒருவருக்காக என் பெண் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததே இல்லை. அந்த அறையில் ஏதோ ஒரு பெரிய காரியம், சத்தமே இல்லாமல், ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அதை அளக்க என் பையில் கருவி இல்லை.

போகும்போது ஆசிரியை வாசலில் தனியாகச் சொன்னார்: “இங்க சேர்த்தா ஒரு நிபந்தனை. வீட்டுலயும் பள்ளிக்கூடத்தப் பத்தி எதுவும் கேட்கக்கூடாது. பேசினியான்னு கேட்கவே கூடாது. அவகிட்ட யாராவது எதாவது கேட்டா, அவளுக்காக நீங்க பதில் சொல்லவும் கூடாது.”

“எத்தனை மாசத்துல பேசுவா?”

“தெரியாது.”

“ஒரு வருஷம்?”

“தெரியாதுங்க. பேசாமலும் போகலாம். ஆனா பயப்படாம இருப்பா.”

பிப்ரவரி 24, திங்கள்

வீட்டில் போர். இவருக்குப் பாலத்தடிதான் வேண்டும். “ஒருத்தங்க ரெண்டு மாசம்ங்கறாங்க, இன்னொருத்தங்க தெரியாதுங்கறாங்க. நீ தெரியாதுங்கறவங்கள நம்பற. உன் வேலையில இப்படியா செய்வ? விரிசல் விட்ட தொட்டிக்கு நீ எத்தனை கடைய மூடியிருக்க?”

நியாயம்தான். பாலத்தடியில் குறை என்று ஒன்றையும் காட்ட முடியாது. அங்கே போகும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். மாடிப் பள்ளியில் நானே சேர்ந்துகொள்வேன். மூன்றும் நல்ல பள்ளிகள். நகராட்சி நடத்தும் இடத்தில் இத்தனை ஜீவன் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் நான் ஊருக்குப் பள்ளி தேடவில்லையே, கடுகுக்கல்லவா தேடுகிறேன்.

“நீங்களே ஒரு தடவை போய் உட்காருங்க” என்றேன். நாளைக்கு லீவு போடுகிறாராம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இவர் கடுகோடு தண்ணீர்த்தொட்டிப் பள்ளிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் ஒரு ஆரஞ்சை உரிக்க உட்கார்ந்துவிட்டார். நான்தான் கேட்கும்படி ஆயிற்று.

“ஒரு பையன் கால்ல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நம்ம கடுகு அவன் பக்கத்துல போய் நின்னா. அவன் எதுவும் கேக்கல. நகர்ந்து இடம் விட்டான். அவ்வளவுதான். அவ உட்கார்ந்துட்டா.” உரித்த தோலைக் கிண்ணத்தில் போட்டார். “என் பஸ்ல பெரியவங்ககூட இப்படி இடம் விடமாட்டாங்கம்மா.”

முடிவு செய்தாகிவிட்டது.

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். அழவில்லை. கடுகைச் சொல்கிறேன்.

ஜூன் 4, புதன்

கேள்வி கேட்காமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று எவராவது எனக்குச் சொல்லித் தரட்டும். காலையில் எழுந்தால் “தூங்கினியா?”, “பல் தேய்ச்சியா?”, “பால் குடிச்சியா?” என் வாயிலிருந்து முற்றுப்புள்ளி வைத்து எதுவும் வருவதில்லை. பிறவி ஆய்வாளர். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, “இன்னிக்கு... மேகம் நிறைய இருக்கு” என்றேன். இவர் அதைவிட மோசம். “ஸ்கூல்ல... ஸ்கூல் ஒண்ணு இருக்கு” என்றார். மூவரும் கொஞ்ச நேரம் அதை யோசித்தோம்.

ஜூன் 27, வெள்ளி

ஒரு சொல் இல்லை. ஒரு முனகல் இல்லை. வாசலில் நின்று ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறேன், அவர் தோளைக் குலுக்குகிறார். மற்ற அம்மாக்களிடம் அவரவர் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். கடுகு வந்து என் விரலைப் பிடிக்கிறாள்.

பாலத்தடியில் சேர்த்திருந்தால் ஒரு மாதம் முடிந்திருக்கும். பாதி வழி.

ஜூலை 8, செவ்வாய்

தாங்க முடியல. கேட்டுட்டேன். வர்ற வழியிலேயே, ரோட்டில் வைத்து. “இன்னிக்காவது பேசினியா கடுகு? ஒரு வார்த்தை? அம்மாவுக்காக?”

என் கையை விட்டுட்டா. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடத் தானே கழட்டினா. அப்புறம் பேச்சே இல்ல. என்கிட்டயும் இல்ல, அப்பாகிட்டயும் இல்ல. சாப்பிடறப்ப ரொட்டியைச் சுட்டிக் காட்டுறா. வீட்டுக்குள்ள! இந்த வீட்டுக்குள்ள இவ வாய் மூடி நான் பார்த்ததே இல்ல. என்ன காரியம் பண்ணிட்டேன்? இருந்த ஒரு இடத்தையும் நானே அடைச்சுட்டேனா? சொந்தக் காசில் சூனியம்னு சொல்லுவாங்களே, இதுதானா அது?

ஜூலை 9, புதன்

காலையிலும் பேசவில்லை. ஆசிரியையிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். “கேட்டுட்டீங்களா? சரி. இனிமே கேட்காதீங்க” என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். அவளைக் கூப்பிடவில்லை. “எனக்கு இந்தத் தோல் பிரியவே மாட்டேங்குது” என்றேன், பட்டாணியைப் பார்த்து. உண்மையாகவே பிரியவில்லை. நாலைந்து பட்டாணியோடு மல்லுக்கட்டினேன். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து உரித்தாள்.

“காம்புப் பக்கம் பிடிச்சு இழுக்கணும்மா.”

“ஓ, இப்படியா” என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அழுகையை எப்படி அடக்கினேன் என்று எனக்கே ஆச்சரியம். அந்த ஆசிரியை தினமும், வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு, நாள் முழுக்க இதைச் செய்கிறார். ஒரு சாயங்காலத்துக்கே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மனிதப் பிறவியா அவர்?

ஜூலை 30, புதன்

பிளாஸ்திரிப் பையனின் அம்மா வாசலில் சொன்னாள்: “உங்க பொண்ணு சிரிச்சா என் பையன் வீட்ல வந்து அதே மாதிரி சிரிச்சுக் காட்டுறான்.” அப்படியென்றால் சிரிக்கிறாள். சத்தமாக, இன்னொருவர் பார்த்துச் செய்யும் அளவுக்கு. நான் “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு, தெருமுனை திரும்பியதும் இவருக்குப் போன் செய்தேன். வண்டி ஓட்டுகிறாராம், எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மேகம் நிறைய இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று தண்ணீர்த்தொட்டித் தெருவில் ஒரு மிட்டாய்க் கடைக்கு ஆய்வு. பள்ளியின் பின்சுவரை ஒட்டிய சந்து வழியாகப் போனேன். சுவர் என் தலைக்கு மேலே. அந்தப் பக்கம் மணல் திடல், விளையாட்டு நேரம். பிள்ளைகளின் கூச்சல்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு அதட்டல்.

“எல்லாரும் வரிசையா நில்லுங்க! நகத்தக் காட்டுங்க.”

எந்த வீட்டு ரவுடியோ என்று சிரித்துக்கொண்டே நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன்.

“இது என்ன கேக்கு? யாரு செஞ்சது? எதுக்குத் தெறந்து வெச்சிருக்க?”

கால் நின்றுவிட்டது. சொற்கள் என்னுடையவை. இழுவை என்னுடையது, அந்த “எதுக்கு”வில் வரும் எரிச்சல்கூட அச்சு அசலாக என்னுடையது. குரல் மட்டும் எனக்குத் தெரியவில்லை. அத்தனை உரக்க, வெட்டவெளியில், அதை நான் கேட்டதே இல்லையே, எப்படித் தெரியும்?

“மண்ணுல செஞ்ச கேக்குதானே” என்றது ஒரு பையன் குரல்.

“மண்ணுன்னா ஈ வராதா? மூடி எங்க?”

“மூடி இல்ல.”

“கை கழுவினியா?”

“...இல்ல.”

“அப்ப கடைய மூடு!”

கேள்வி, கேள்வி, கேள்வி. மூச்சு விடாமல். பையன் ஏதோ முணுமுணுத்தான், பல பிள்ளைகள் ஒன்றாகச் சிரித்தார்கள், கடுகும் சிரித்தாள். நான் சுவரில் கையை வைத்துக்கொண்டேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். எட்டிப் பார்க்க ஒரு கல்லைப் போட்டு ஏறினால் போதும். ஏறவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அந்தப் பக்கம், ஆசிரியையின் கரகரத்த குரல், “மண் கேக்குக் கடைய மூடிட்டாங்க போல” என்றது, யாரிடமும் இல்லாமல்.

மிட்டாய்க் கடைக்காரர் எனக்காகப் பதற்றத்தோடு காத்திருந்தார். பின்பக்கம் போகலாம் என்று அவராகவே வழிவிட்டார். “ஒரு நிமிஷம், முதல்ல உட்கார்ந்துக்கறேன்” என்றேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாயங்காலம் வாசலில் கடுகு வந்து என் விரலைப் பிடித்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.